மரம் ஒருவருடையது, நிழல் தெருவுடையது

வடகிழக்குப் பருவமழை நெருங்கும் புரட்டாசி மாதத்தில் தமிழகத்தின் நகர்ப்புறத் தெருக்களில் ஆண்டுதோறும் ஒரே காட்சியைக் காணலாம். புயலுக்கு அஞ்சி, வீட்டு உரிமையாளர்கள் தென்னையில் மட்டை கழிக்கிறார்கள். மாமரத்திலும் வேம்பிலும் தாழ்ந்த கிளைகளை வெட்டுகிறார்கள். அது செய்யத்தக்க பணிதான். ஆனால், வெட்டப்பட்டவை சுற்றுச்சுவருக்குள் தங்குவதில்லை. சாலையோரத்துக்கும், எதிரிலுள்ள காலி மனைக்கும், மின்மாற்றியின் அடிக்கும், பல நேரங்களில் அண்டை வீட்டின் வாசலுக்கும் வந்து சேர்கின்றன. பின்னர் அவை வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கின்றன.

இதே வாரங்களில்தான் உள்ளாட்சி அமைப்புகள் மழைநீர் வடிகால்களில் தூர்வாரும் பணியை மேற்கொள்கின்றன. ஒருபுறம் பொதுப்பணத்தில் வடிகால் சுத்தம் செய்யப்படுகிறது. மறுபுறம் அந்த வடிகாலின் வாயை அடைக்கப்போகும் சருகும் தழையும் அதன் அருகிலேயே குவிக்கப்படுகின்றன. முதல் கனமழையில் இவ்விரண்டில் எது வெல்லும் என்பதை நாம் ஒவ்வோர் ஆண்டும் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று அறிந்துகொள்கிறோம்.

தோட்டக்கழிவைத் தெருவில் போடுவது ஒரு சிறிய ஒழுங்கீனமாகவே பலருக்கும் தோன்றுகிறது. 'இலைதானே, மக்கிவிடும்' என்பதே வழக்கமான விடை. நெகிழிப் பையை வீதியில் எறியக் கூசுகிறவர்கள்கூட, ஒரு வண்டி கிளையைச் சாலையில் தள்ளத் தயங்குவதில்லை. இயற்கையிலிருந்து வந்தது இயற்கைக்குத் திரும்புகிறது என்ற நிம்மதி அவர்களுக்கு இருக்கிறது. ஆனால், தார்ச்சாலையும் சிமென்ட் நடைபாதையும் இலையை உண்பதில்லை. மண்ணில் விழுந்தால் உரமாகும் பொருள், தாரில் விழுந்தால் குப்பையாகவே நிற்கிறது.

அதன் விளைவுகளும் சிறியவை அல்ல. குவியலின் இடுக்கிலுள்ள பாளையிலும் தேங்காய்த் தொட்டியிலும் தேங்கும் சிறிதளவு நீரே டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதுமானது; முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக அது மாறுவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் 10 நாள்களே ஆகும். இரவில் இருசக்கர வாகனத்தில் வருபவர் சாலையில் நீண்டு கிடக்கும் மட்டையைக் கவனிக்காமல் விழுகிறார். குவியல் காய்ந்த பிறகு யாரோ ஒருவர் தீ வைக்கிறார். அந்தப் புகை முதலில் சென்றடைவது ஆஸ்துமா உள்ள குழந்தையும் முதியவரும் இருக்கும் வீட்டைத்தான்.

இச்சிக்கலின் முழுச் சுமையையும் தாங்குபவர் தூய்மைப் பணியாளர். வீடு வீடாக வரும் அவருடைய பேட்டரி வாகனத்தில் மக்கும் குப்பைக்கும் மக்காத குப்பைக்கும் தனித்தனித் தொட்டிகள் இருக்கின்றன. அவை சமையலறைக் கழிவை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டவை. முதிர்ந்த தென்னை மட்டை 15 அடி நீளத்தை எளிதில் எட்டும். அது அந்தத் தொட்டிக்குள் அடங்காது. அவர் அதை எடுக்காமல் போனால் 'வேலை செய்வதில்லை' என்ற புகார் எழுகிறது. எடுக்க முனைந்தால், அரிவாளும் கையுறையும் இல்லாமல் அதை ஒடித்துச் சேர்க்க வேண்டும். அதற்குள் மற்ற வீடுகளின் குப்பை காத்துக் கிடக்கும். ஒரு வீட்டின் மிச்சம், எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு தொழிலாளியின் ஊதியமில்லாக் கூடுதல் உழைப்பாக மாறுகிறது.

இந்நிலை எப்படி உருவானது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது பயன் தரும். இரண்டு தலைமுறைக்கு முன்பு தோட்டக்கழிவு என்ற சொல்லுக்கே நம் வீடுகளில் இடம் இருந்ததில்லை. தென்னங்கீற்று முடையப்பட்டு கூரையானது, பந்தலானது. ஈர்க்கு துடைப்பமானது. மட்டையும் பாளையும் பன்னாடையும் வெந்நீர் அடுப்புக்கு எரிபொருளாயின. வேப்பிலையும் பூவரச இலையும் ஆட்டுக்கும் வயலுக்கும் போயின. மட்டை விழுந்தால் அதை எடுத்துச்செல்ல ஒருவர் கேட்டு வருவார்.

பொருளாதார மொழியில் சொன்னால், அன்று அதற்கு ஒரு விலை இருந்தது. சமையல் எரிவாயு வந்தது. கான்கிரீட் கூரை வந்தது. நகரத்தில் மாட்டுக்கொட்டில் மறைந்தது. மட்டையின் தேவை குறையக் குறைய அதன் விலை சுழியத்தைத் தொட்டது. பின்னர் அதற்கும் கீழே இறங்கியது. இன்று அதை எடுத்துச்செல்வதற்கு நாம்தான் பணம் கொடுக்க வேண்டும். பொருள் மாறவில்லை, மரமும் மாறவில்லை. ஒரு முதிர்ந்த தென்னை அன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய 12 மட்டைகளை உதிர்த்தது; இன்றும் அவ்வாறே உதிர்க்கிறது. வீட்டுக்கு இரண்டு தென்னை என 30 வீடுகள் கொண்ட ஒரு தெருவை எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு 720 மட்டைகள். அதாவது, அந்தத் தெருவில் நாளொன்றுக்கு இரண்டு மட்டைகள் விழுந்துகொண்டே இருக்கின்றன. அவை எங்கே போக வேண்டும் என்பதற்கு நம் நகரமைப்பில் இன்னும் தெளிவான விடை இல்லை.

விடை இல்லாத இடத்தில் சாலையே விடையாகிறது. மரம் ஏறுபவர் தம் கூலியை மரத்துக்கு இவ்வளவு எனக் கேட்கிறார். வெட்டியதை அகற்றுவதற்குத் தனிக்கூலி. அதை ஏற்றிச்செல்ல, பேச்சுவழக்கில் 'குட்டி யானை' எனப்படும் சிறு சரக்கு வண்டிக்குத் தனி வாடகை. வீட்டு உரிமையாளர் முதல் செலவை ஏற்கிறார், இரண்டாவதைத் தவிர்க்கிறார். தவிர்க்கப்பட்ட அந்தச் செலவு மறைந்துவிடுவதில்லை. கொசுவாகவும் புகையாகவும் தேங்கிய மழைநீராகவும் தெருவிலுள்ள அனைவரின் கணக்கிலும் சிறு சிறு துண்டுகளாக எழுதப்படுகிறது. ஒருவருடைய செயலின் செலவைப் பிறர் சுமக்கும் இந்நிலையைத்தான் இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகு 1920-இல் வெளியான தமது 'நலப் பொருளாதாரம்' நூலில் விரிவாக ஆராய்ந்தார். செலவை உண்டாக்கியவரிடமே வரியாக அதை வசூலிக்க வேண்டும் என்பது அவர் வழிவந்த சிந்தனை.

அப்படியானால் அபராதம் விதித்தால் போதுமே என்று தோன்றலாம். சட்டத்தில் அதற்கு இடம் இல்லாமல் இல்லை. 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், தோட்டக்கழிவை ஒவ்வொருவரும் தம் வளாகத்துக்குள்ளேயே தனியாகச் சேர்த்து வைத்து, உள்ளாட்சி அமைப்பின் அறிவுறுத்தலின்படி அகற்ற வேண்டும் எனத் தெளிவாகக் கூறின. கழிவைத் தெருவிலோ வடிகாலிலோ நீர்நிலையிலோ எறிவதையும் எரிப்பதையும் புதைப்பதையும் அவை தடை செய்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பையை எரிப்பவருக்கு ரூ.5,000 இழப்பீடும், பெருமளவில் எரிப்பவருக்கு ரூ.25,000-மும் விதிக்க உத்தரவிட்டது.

குற்றவியல் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. பொதுவழியில் தடையோ ஆபத்தோ ஏற்படுத்துவோருக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 283-ஆவது பிரிவில் அதிகபட்ச அபராதம் வெறும் ரூ.200. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவில் அது ரூ.5,000 வரை உயர்த்தப்பட்டுள்ளது. பொதுத்தொல்லையை அகற்றுமாறு நிர்வாக நடுவர் நிபந்தனை ஆணை பிறப்பிப்பதற்கும் வழி உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவாக இருந்த அந்த அதிகாரம், இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவில் இருக்கிறது.

ஆனால், எத்தனை பேர் தம் பக்கத்து வீட்டுக்காரர் மீது இப்பிரிவுகளின்கீழ் புகார் அளிப்பார்கள்? இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. குவியல் அகன்றால் அதன் பயன் தெரு முழுவதுக்கும் கிடைக்கும். புகார் அளித்ததால் வரும் பகையோ புகார் அளித்தவருக்கு மட்டுமே. ஆகவே, 'வேறு யாராவது பேசட்டும்' என ஒவ்வொருவரும் காத்திருக்கிறார்கள். குப்பை போடுபவர் தம் செலவைப் பிறர்மீது தள்ளுவதைப் போலவே, தட்டிக்கேட்கும் செலவை மற்றவர்மீது தள்ளிவிட்டு நாமும் அமைதியாக இருக்கிறோம்.

இந்த அமைதிக்கு நியாயமான காரணமும் உண்டு. அண்டை வீட்டாரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. எளிதில் மாற்றவும் முடியாது. நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் முதலில் கதவைத் தட்டுவது அந்த வீட்டைத்தான். வெளியூர் செல்லும்போது சாவியை ஒப்படைப்பதும் அங்கேதான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் மட்டும் தனித்து வாழும் வீடுகள் பெருகிவிட்ட இந்நாளில், பக்கத்து வீட்டு உறவு என்பது பலருக்கு உயிர்காக்கும் ஏற்பாடு. ஐந்து மட்டைகளுக்காக அதை இழப்பது நல்ல கணக்கு ஆகாது.

நேரடியாகப் பேசத் தயங்குகிறவர்கள் இன்று வேறொரு வழியை நாடுகிறார்கள். குவியலைப் படம் எடுத்துக் குடியிருப்போரின் கட்செவி அஞ்சல் குழுவில் போடுவது. 'இது யார் வேலை?' என்று கேட்பது. பெயர் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும். நான்கு பேர் கைதட்டும் படங்களை அனுப்புகிறார்கள். உரியவர் குழுவிலிருந்து விலகுகிறார். குவியல் அங்கேயே இருக்கிறது. பேச்சுவார்த்தை மட்டும் நின்றுவிடுகிறது. பலர் முன்னிலையில் அவமானப்பட்டவர் தம் தவற்றைத் திருத்திக்கொள்வதைவிட, அதை நியாயப்படுத்தும் காரணங்களைத் தேடுவதே மனித இயல்பு.

அபராதத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இஸ்ரேலின் ஹைஃபா நகரில் நடந்த புகழ்பெற்ற ஆய்வு காட்டுகிறது. 2000-இல் வெளியான அந்த ஆய்வை நடத்தியவர்கள் யூரி க்னீசி, ஆல்டோ ரஸ்டிகினி என்ற இரு பொருளாதார அறிஞர்கள். அங்குள்ள 10 குழந்தைகள் காப்பகங்களில், குழந்தையை அழைத்துச்செல்லப் பெற்றோர் தாமதமாக வருவது வழக்கமாக இருந்தது. அவற்றுள் 6 காப்பகங்களில் தாமதத்துக்குச் சிறு அபராதம் விதிக்கப்பட்டது. தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரு மடங்கானது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. காத்திருக்கும் ஆசிரியரை எண்ணி அதுவரை கூசிய பெற்றோர், பணம் கட்டியதும் அதைத் தாம் விலைகொடுத்து வாங்கிய சேவையாகக் கருதத் தொடங்கிவிட்டனர்.

இதிலிருந்து அபராதமே கூடாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சிறிய, எப்போதாவது விதிக்கப்படும் அபராதம், கூச்சத்தைப் போக்கிவிட்டு ஒழுங்கையும் தராமல் போகலாம் என்பதே இதன் பாடம். மட்டையை அகற்றும் வண்டி வாடகையைவிடக் குறைந்த அபராதம், சாலையில் போடுவதற்கான மலிவான அனுமதிச்சீட்டாகிவிடும்.

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடந்து, 2008-இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளியான மற்றொரு ஆய்வும் நமக்குப் பொருந்தும். சைக்கிள்கள் நிறுத்தப்படும் ஒரு சந்தில், அவற்றின் கைப்பிடிகளில் விளம்பரத் தாள்கள் மாட்டப்பட்டன. சுவர் தூய்மையாக இருந்தபோது அத்தாளைத் தரையில் போட்டவர்கள் 33 விழுக்காட்டினர். அதே சுவரில் கிறுக்கல்கள் இருந்தபோது 69 விழுக்காட்டினர். மனிதர்கள் மாறவில்லை, சூழல் மாறியது. நம் தெருவில் முதல் மட்டை விழுந்த இடத்தில் மறுநாள் உடைந்த தொட்டியும், அதற்கடுத்த நாள் பழைய மெத்தையும், வார இறுதியில் இறைச்சிக் கழிவும் வந்து சேர்வதன் காரணம் இதுதான். முதல் குவியலை ஓரிரு நாளில் அகற்றிவிடும் தெரு பல குவியல்களைத் தவிர்த்துவிடுகிறது.

இதுவரை சொன்னவை குப்பை போடுபவரின் பக்கத்துக் குறை. ஆனால், இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதை நாம் பேசுவதே இல்லை. பிகுவின் வாதத்துக்கு மறுப்பாக ரொனால்ட் கோஸ் 1960-இல் எழுதிய 'சமூகச் செலவு என்ற சிக்கல்' என்ற கட்டுரை, பொருளாதாரச் சிந்தனையின் போக்கையே மாற்றியது. 1991-இல் அவர் நோபல் பரிசு பெற்றதற்கு அதுவும் முதன்மைக் காரணம். தீங்கு என்பது ஒருவழிப் பாதையல்ல, இருதரப்பும் அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பது அவர் வாதம். ஒருவரைத் தடுத்தால் இன்னொருவருக்கு நன்மை. ஆனால், தடுக்கப்பட்டவர் இழப்பது என்ன என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார்.

நம் தெருவுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மரம் ஒருவருடையது, அதை நட்டவர் அவர், நீர் ஊற்றியவர் அவர், கழிப்பதற்குக் கூலி கொடுப்பவரும் அவர். அதன் நிழலோ சுவரைத் தாண்டித் தெரு முழுவதும் விழுகிறது. சித்திரை வெயிலில் காய்கறி வண்டிக்காரர் நிற்பது அந்த நிழலில்தான். எதிர்வீட்டுக்காரர் கார் நிறுத்துவதும் அங்கேதான். தெருவின் வெப்பத்தை அது குறைக்கிறது, புழுதியைத் தடுக்கிறது, மழைநீரை மண்ணுக்குள் இறக்குகிறது. இவற்றுக்காக மர உரிமையாளருக்கு எவரும் ஒரு ரூபாயும் தருவதில்லை. அவருடைய கழிவின் செலவைத் தெரு சுமக்கிறது என்பது உண்மையானால், அவருடைய மரத்தின் பயனைத் தெரு இலவசமாக அனுபவிக்கிறது என்பதும் உண்மை.

இந்த இரண்டாவது உண்மையை மறந்து முதலாவதை மட்டும் பேசினால் என்ன நேரும்? புகாரும் அபராதமும் பெருகப் பெருக, மர உரிமையாளருக்கு மிக எளிய வழி ஒன்று இருக்கிறது. மரத்தையே வெட்டிவிடுவது. 'தினமும் சண்டை வேண்டாம், மரமே வேண்டாம்' என்று வேரோடு அகற்றப்பட்ட மரங்கள் இல்லாத குடியிருப்புப் பகுதி நம் நகரங்களில் இல்லை எனலாம். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயல் ஒரே நாளில் பல்லாயிரம் மரங்களைச் சாய்த்தது. அந்த இழப்பை நாம் இன்றும் பேசுகிறோம். சருகுச் சண்டையில் ஒவ்வொன்றாகச் சாயும் மரங்களை யாரும் எண்ணுவதில்லை. தெரு தூய்மையாகி, அதே நேரத்தில் நிழலையும் இழக்குமானால், நாம் தவறான சிக்கலைத் தீர்த்தவர்களாவோம்.

எனவே, தோட்டக்கழிவை அகற்றும் செலவில் ஒரு பகுதி மர உரிமையாளருடையது. இன்னொரு பகுதி தெருவினுடையது. மூன்றாவது பகுதி உள்ளாட்சி அமைப்பினுடையது. இந்தப் பகிர்வை ஏற்றுக்கொண்டு பேசத் தொடங்கினால், அண்டை வீட்டாருடனான உரையாடலின் தொனியே மாறிவிடும்.

அத்தகைய உரையாடல் நடைமுறைக்கு உதவுமா என ஐயுறுவோர், ராபர்ட் எலிக்சன் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியரின் ஆய்வை அறிந்துகொள்ளலாம். கோஸ் தம் கட்டுரையில் கையாண்ட எடுத்துக்காட்டு, கால்நடை வளர்ப்பவரின் மாடு பக்கத்து விவசாயியின் பயிரை மேய்ந்துவிடுவது. அது உண்மையில் எப்படித் தீர்க்கப்படுகிறது என அறிய, எலிக்சன் வட கலிஃபோர்னியாவின் சாஸ்டா மாவட்டத்துக்குச் சென்றார். அங்கு மக்கள் சட்டப்புத்தகத்தை நாடவே இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதுகூடப் பலருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும், சிக்கல்கள் தீர்ந்தன. அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் செய்த உதவியையும் இழைத்த தொல்லையையும் மனத்துக்குள் கணக்கு வைத்திருந்தனர். சிறு தொல்லையைப் பொறுத்துக்கொண்டனர், மீறினால் சொன்னார்கள், அதையும் மீறினால் ஊரில் பேச்சு அடிபட்டது. சட்டத்தை நாடியது மிக அரிது. 1991-இல் வெளியான அவருடைய 'சட்டமில்லா ஒழுங்கு' என்ற நூல் இதை விரிவாகப் பதிவு செய்தது.

பொதுவளங்களை மக்களே காத்துக்கொள்ளும் வழிகளை ஆராய்ந்து, 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணியான எலினோர் ஆஸ்ட்ரமும் இதையே வேறு மொழியில் சொன்னார். நீடித்து நிலைத்த சமூகங்களில் தண்டனை படிப்படியாகவே உயர்கிறது; முதல் தவறுக்கு மிக லேசான நடவடிக்கை; தொடர்ந்தால் கடுமை. பிணக்கைத் தீர்க்கச் செலவில்லாத, அருகிலேயே உள்ள ஓர் இடமும் அங்கு இருக்கிறது. விதியை வகுப்பதில் அதனால் கட்டுப்படுத்தப்படுவோருக்கும் பங்கு இருக்கிறது.

இவற்றை நம் தெருவுக்கு ஏற்ப அமைத்துக்கொள்வது கடினமல்ல. முதற்படி, உரியவரிடம் நேரில் பேசுவது. குவியலைக் கண்ட கோபத்தில் அல்ல. இரண்டு நாள் கழித்து, அவர் வீட்டு வாசலில், வேறு எவரும் இல்லாதபோது. 'ஏன் போட்டீர்கள்?' என்ற கேள்வியைவிட, 'இதை எடுக்க ஆள் கிடைக்கவில்லையா?' என்ற கேள்வி அதிக தூரம் செல்லும். நான் வசிக்கும் பகுதியில், பலரும் பொறுப்பற்றவர் எனக் கருதிய ஒருவர், தனித்து வாழும் எழுபது வயதைக் கடந்த அம்மையார். மரம் ஏறுபவர் வெட்டியதை வெளியே தள்ளிவிட்டுப் போய்விடுகிறார். அவற்றை உள்ளே இழுத்துப்போட அவருக்கு உடலில் வலு இல்லை. இத்தகையவருக்குத் தேவைப்படுவது அறிவுரை அல்ல, ஓர் ஆள்.

அண்டை வீட்டாரில் மூன்று வகையினர் உண்டு: இயலாதவர், அறியாதவர், கவலைப்படாதவர். இயலாதவருக்கு உதவியும், அறியாதவருக்குத் தகவலும், கவலைப்படாதவருக்குச் சட்டமும் தேவை. மூவரையும் ஒரே குரலில் கண்டிப்பதால்தான் நம் முயற்சிகள் தோற்கின்றன. மூன்றாம் வகையினர் நாம் எண்ணுவதைவிடக் குறைவு என்பதே என் அனுபவம்.

இரண்டாவது படி, மரவேலையின் கூலியையே மாற்றியமைப்பது. வெட்டுவதும் அகற்றுவதும் ஒரே வேலை. இரண்டுக்கும் சேர்த்துப் பேசிய கூலியை, இடம் சுத்தமான பிறகே முழுமையாகத் தர வேண்டும் என்பதைத் தெருவின் வழக்கமாக்க வேண்டும். மறைந்திருக்கும் செலவை மரம் ஏறும் முன்பே வெளிப்படுத்திவிடும் இந்தச் சிறு மாற்றம், பல அபராத அறிவிப்புகளைவிட வலுவானது. வண்டி வாடகை ஒரு வீட்டுக்குப் பெருஞ்செலவாகத் தோன்றலாம். ஆனால், அது ஐந்து மட்டைக்கும் ஐம்பது மட்டைக்கும் ஏறக்குறைய ஒன்றே. குடியிருப்போர் நலச் சங்கம் மாதத்துக்கு ஒரு நாளைக் குறித்து, அந்த வாரத்திலேயே அனைவரும் மரம் கழிக்கவும், ஒரே வண்டியைப் பகிர்ந்துகொள்ளவும் ஏற்பாடு செய்தால், வீட்டுக்கு ஆகும் செலவு சில பங்குகளாகக் குறைந்துவிடும். மரமில்லாத வீட்டாரும் நிழலுக்கான தம் பங்காக ஒரு சிறு தொகை அளிப்பது முறையே.

மூன்றாவது படி, வீதிக்கு வரும் அளவையே குறைப்பது. சருகை மரத்தடியில் மூடாக்காகப் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கப்படும். உரமாக்க விரும்புவோர் ஓர் அடிப்படையை அறிந்தால் போதும்: மக்குவதற்கு ஏறத்தாழ 30 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். காய்ந்த இலையில் கரிமம் மிகுதி; சமையலறைக் கழிவில் தழைச்சத்து மிகுதி. ஒன்றைத் தனியே குவித்தால் மக்கத் தாமதமாகிறது. மற்றொன்றைத் தனியே வைத்தால் நாற்றமடிக்கிறது. இரண்டையும் அடுக்கடுக்காகக் கலந்தால் இரு சிக்கலும் ஒருங்கே தீர்கின்றன. தென்னை மட்டை மட்டும் கடினமானது. அதைத் துண்டாக்கித் தூளாக்கும் இயந்திரம் இல்லாமல் வீட்டில் மக்க வைப்பது எளிதல்ல.

அந்த இடத்தில்தான் உள்ளாட்சி அமைப்பின் கடமை தொடங்குகிறது. 1992-இன் 74-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தத்தின் வழியே சேர்க்கப்பட்ட 12-ஆவது அட்டவணையில், திடக்கழிவு மேலாண்மை நகர்ப்புற உள்ளாட்சியின் பணிகளுள் ஒன்றாகப் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. நிதி இல்லை என்பது அதற்கு விடையாகாது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில், திறந்த சாக்கடையின் நாற்றத்தைப் பொறுக்க முடியாத குடியிருப்புவாசிகள் தொடுத்த வழக்கில், பணமில்லை எனக் கூறி நகராட்சி தன் கடமையிலிருந்து தப்ப முடியாது என 1980-இலேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய அத்தீர்ப்பு, பொதுத்தொல்லைச் சட்டத்தைக் குடிமக்களின் கருவியாக்கியது.

'வளாகத்துக்குள் வைத்திருங்கள், நாங்கள் சொல்லும்போது அகற்றுங்கள்' என விதி கூறுகிறது. அப்படியானால், எப்போது என்பதை உள்ளாட்சி சொல்லியாக வேண்டும். வார்டுதோறும் தோட்டக்கழிவு எடுக்கும் நாளைக் குறித்து அறிவித்து, அந்நாளில் தவறாமல் வண்டி வருமானால், பெரும்பாலோர் அதுவரை உள்ளே வைத்திருப்பர். நாள் அறியாதவருக்கு அபராதம் விதிப்பது நியாயமாகாது. நாள் அறிந்தும் மீறுபவருக்கு விதிக்காமல் விடுவதும் நியாயமாகாது. மண்டலத்துக்குச் சில தூளாக்கும் இயந்திரங்களும், பூங்காக்களில் இலை உரக் குழிகளும் இருந்தால், இக்கழிவு கொடுங்கையூர், பெருங்குடி போன்ற கிடங்குகளுக்குப் பயணம் செய்யவே வேண்டியதில்லை. பெருங்குடிக் கிடங்கில் 2022 ஏப்ரலில் பற்றிய தீ, அணைக்கப் பல நாள்களாகி, சுற்றுப்புற மக்களைப் புகையில் ஆழ்த்தியதை நாம் மறந்துவிடக் கூடாது. எரியக்கூடிய காய்ந்த பொருளைக் கிடங்குக்கு அனுப்பாமல் இருப்பதும் ஒரு பாதுகாப்பு நடவடிக்கையே.

எடுக்கும் சேவைக்குக் கட்டணம் வேண்டுமா என்ற கேள்வி எழும். பெரும் வளாகங்களுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் கட்டணம் பொருந்தும். தனி வீடுகளுக்கு அதைக் கூட்டினால் குவியல் மீண்டும் இருட்டில் தெருவுக்கே வரும். மரம் தரும் பொதுப்பயனை எண்ணினால், குறிப்பிட்ட அளவு வரை இச்சேவையை இலவசமாக அளிப்பது மானியமாகாது. தெரு பெறும் நிழலுக்கு நகரம் செலுத்தும் சிறு விலை.

இத்தனைக்கும் பிறகும் கேளாதவர் ஒருவர் இருக்கலாம். அவருக்கு நலச் சங்கத்தின் பெயரில் எழுத்து வழி வேண்டுகோள் ஒன்று; அதற்குப் பின் தேதியிட்ட படங்களுடன் உள்ளாட்சிக்குப் புகார். சென்னை மாநகராட்சிக்கு 1913 என்ற எண் இருக்கிறது. பிற ஊர்களில் வார்டு உறுப்பினரும் துப்புரவு ஆய்வாளரும் இருக்கிறார்கள். அதுவும் பயன் தராவிட்டால் கோட்டாட்சியரிடம் மனு. தனி ஒருவராக அல்லாமல் பத்துப் பேர் கையொப்பமிட்டுச் சென்றால், பகை ஒருவர் தலையில் விழாது; அலுவலகமும் அதை அண்டை வீட்டுச் சண்டை எனத் தள்ளிவிட இயலாது. படிகளைக் கடந்து வந்தவர் எடுக்கும் சட்ட நடவடிக்கைக்குத் தெருவின் ஆதரவு இருக்கும். எடுத்த எடுப்பில் காவல் நிலையம் சென்றவருக்கு அது கிடைப்பதில்லை.

பருவமழைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. குடியிருப்போர் நலச் சங்கங்கள் இந்த மாதக் கூட்டத்தில் மூன்றே தீர்மானங்களை நிறைவேற்றலாம். மரம் கழிக்கப் பொதுவான ஒரு வாரம். வெட்டும் கூலியோடு அகற்றும் கூலியையும் சேர்த்துப் பேசும் வழக்கம். வண்டி வாடகையில் மரமில்லாத வீட்டுக்கும் ஒரு பங்கு. உள்ளாட்சி அமைப்புகள் தம் பங்குக்கு, வார்டுவாரியாகத் தோட்டக்கழிவு எடுக்கும் நாள்களை மழைக்கு முன்பே அறிவிக்கட்டும். வடிகாலில் தூர்வாரும் செலவோடு ஒப்பிட்டால் இதற்காகும் செலவு மிகச் சிறியது. அதனால் மிஞ்சுவது தேங்காத தெரு மட்டுமல்ல. வெட்டப்படாமல் நிற்கும் மரமும், முகம் கொடுத்துப் பேசும் அண்டை வீடும்தான்.